"அது உன் வேலை இல்லப்பா"

நாலாம் வகுப்புப் பையன். காலை உணவு சாப்பிட்ட கையோடு முதல் பாடத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவான். ரத்தசோகையாக இருக்குமோ என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. அப்புறம்தான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பா தூங்குனாத்தான் டீச்சர் நான் தூங்குவேன். இல்லன்னா அம்மாவ அடிக்கும்" என்றான். அழக்கூட இல்லை.

"அது உன் வேலை இல்லப்பா, நீ சின்னப் பையன்" என்றேன். அதன் பிறகு வீட்டைப் பற்றி அவன் என்னிடம் வாய் திறக்கவில்லை.

அப்படிச் சொன்னது சரிதான் என்றே இப்போதும் நம்புகிறேன், பெரியவர்களின் பாரத்தைப் பிள்ளை சுமக்கக் கூடாது. ஆனால் குடித்துவிட்டு வரும் அப்பாவுக்கும் குழுக் கடன் தவணைக்கு அல்லாடும் அம்மாவுக்கும் நடுவில் அவனால் செய்ய முடிந்தது விழித்திருப்பது ஒன்றுதான், அந்த ஒன்றையும் வேண்டாம் என்று சொன்னவளாகத்தான் என்னைப் பார்த்திருப்பானோ?

குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து விசாரித்தார்கள். "சண்டையெல்லாம் ஒன்னுமில்லைங்க" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். வேறென்ன சொல்வார், ராத்திரி அதே வீட்டில்தானே இருக்க வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கலாம் என்றார் தலைமையாசிரியர், "அங்கயாவது தூங்குவான்ல." நான் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்து இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015 சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது, விடுதிக்கும் அது பொருந்தும் என்றுதான் வாதாடினேன். சட்டம் கிடக்கட்டும், அம்மாவைக் கண்ணில் பார்க்காமல் அவன் எப்படித் தூங்குவான்?

தை பிறந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமே செங்கல் சூளைக்குக் கிளம்பிவிட்டது. அங்கே விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து கல் அறுப்பார்கள், பிள்ளைகளும் கூடவே எழுந்துகொள்ளும். பள்ளிகளைப் பார்வையிட வரும் ஆசிரியர் பயிற்றுநர் மூலம் சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் அவனைச் சேர்க்கச் சொல்லி, அந்த டீச்சரிடம் நானே போனில் பேசினேன். தூங்கினால் திட்டாதீங்க, கொஞ்ச நேரம் விட்டுடுங்க என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. என்னை நம்பி அவன் சொன்னது ஏற்கெனவே விசாரணை வரை போய்விட்டது, அதற்கு மேலும் இன்னொருவரிடம் எப்படிக் கொடுப்பது? சொன்னால்தானே அந்த டீச்சர் கவனமாகப் பார்த்துக்கொள்வார் என்று தலைமையாசிரியர் கேட்கிறார். அவரிடம் இன்னும் நான் சரியென்று சொல்லவில்லை.