பதினெட்டு ஸ்டார்

"ஸ்டாரை வேற யாருக்காவது குடுத்திடுங்க டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. கூடுதலாக வந்த சில்லறையைத் திருப்பிக் கொடுப்பவன் போலச் சொன்னான். நான் உடனே, "அப்ப நாளையிலிருந்து லேட்டாத்தான் வருவியா?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் ஆகிறது. என் வாயில் வந்த அந்தக் கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

பி.எட். உளவியல் தாளில் எனக்குப் பிடித்தவர் ஸ்கின்னர். ஃபிராய்டை நம்பினால் ஆறாம் வகுப்புப் பையனின் மூன்று வயதைத் தோண்ட வேண்டும். ஒரு பீரியடில் நடக்கிற காரியமா? ஸ்கின்னர் சொல்வது எளிது: காரணத்தை மனசுக்குள் தேடாதே, செயலுக்குப் பின்னால் என்ன கிடைக்கிறது என்று பார். அதைத்தான் செய்தேன். பிரேயருக்கு முன் வந்தால் சார்ட்டில் ஒரு ஸ்டார். தினமும் தாமதமாக வந்தவன், பதினெட்டு நாள் விடாமல் நேரத்துக்கு வந்தான். ஹெச்.எம். கூடப் பாராட்டினார். பத்தொன்பதாம் நாள்தான் இந்தப் பேச்சு.

முதலில் புத்தகத்தில் பதில் தேடினேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் நர்சரிக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. பரிசு உண்டு என்று முன்பே சொல்லிப் படம் வரையவைத்த குழந்தைகள், பிறகு தாங்களாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் அது ஏற்கெனவே பிடித்த வேலை. பள்ளிக்கு நேரத்தோடு வருவது யாருக்குப் பிடிக்கும்? எனக்கே பிடிக்காது. அப்புறம் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள் என்கிறார் அவர். ஸ்டாரே ஒரு நிபந்தனைதானே என்று இரண்டு நாள் வருந்தினேன். அந்த வருத்தம் ஒருவகையில் சுகமாகவும் இருந்தது.

பிறகு பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு சமைக்கும் அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்: "தங்கச்சிய விட வருவான் டீச்சர். பிள்ளைங்க சாப்பிட்டு மிச்சம் இருந்தா அவனுக்கும் ஒரு கரண்டி போடுவேன். நடுவுல கொஞ்ச நாள் அவள வாசல்லயே விட்டுட்டு ஓடிட்டான்."

2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். முந்தின வருடம் வரை அவனுக்கும் அங்கே தட்டு இருந்தது.

மனிதத் தேவைகளை அடியிலிருந்து மேலே அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் தேவைப் படிநிலையைப் பரீட்சையில் கலர் பென்சிலால் பிரமிடாக வரைந்து மார்க் வாங்கியவள் நான். (1943இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது, அது பின்னால் வந்தது.) அடிப்பகுதியில் 'பசி' என்று நானே எழுதியிருக்கிறேன். சூழலைப் பார்க்காமல் ஆளின் குணத்தில் காரணம் தேடும் பழக்கத்தை அடிப்படைப் பிழை என்றார் உளவியலாளர் லீ ராஸ், 1977இல். என் கேள்வியில் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 'லேட்டாத்தான்' என்பதில் வருகிற அந்தத் 'தான்'.

சரி, அக்கா சொன்ன 'கொஞ்ச நாளும்' என் பதினெட்டு நாளும் ஒன்றுதானா? நான் கேட்கவில்லை. அவன் வீட்டிலேயே சாப்பிட்டிருக்கலாம். "ஏன்பா?" என்று கேட்டிருந்தால் மட்டும் பசி என்று சொல்லியிருப்பானா? பதினோரு வயதுப் பையன், நாற்பது பேர் முன்னால்? ஒன்று மட்டும் நிச்சயம்: ஸ்கின்னர் பலித்தார். பலித்ததுதான் உறுத்துகிறது. ஒருவேளை அது பலித்த பதினெட்டு நாளும் அவன் வெறும் வயிற்றோடு என் வகுப்பில் உட்கார்ந்திருந்தால்?

அவன் அப்புறம் வழக்கம்போலத் தாமதமாகவே வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடமும் ஆறாம் வகுப்பு எனக்குத்தான். தாமதமாக வருகிறவர்கள் மூன்று பேர். ஸ்டார் ஸ்டிக்கர் பாக்கெட் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.