பி.எஃப்.ஜி.இ.: பிளக்கைக் கவனியுங்கள்

பி.எஃப்.ஜி.இ. என்பது கிருமியின் டி.என்.ஏ.வை நொதியால் வெட்டி, மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி ஜெல்லில் ஓட்டி, துண்டுகளை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துத் திரிபை அடையாளம் காணும் முறை. ஜெல்லில் பட்டைகள் சரியாக விழாவிட்டால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஓட்டிய நேரத்தையும் வோல்ட்டையும்தான். சால்மோனெல்லா திரிபுகளுக்கு ஓட்டிப் பார்த்தவரை, கோளாறு பெரும்பாலும் பிளக்கில்தான், அதாவது கிருமிகளைப் பொதித்த சிறு அகரோஸ் ஜெல் கட்டியில்தான், கிடக்கிறது.

கிருமிக் கலவையின் ஒளியடர்த்தி 610 நானோமீட்டர் அலைநீளத்தில் 1-ஐ ஒட்டி இருக்கட்டும். அதில் 400 மைக்ரோலிட்டர், புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே (மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்) 20 மைக்ரோலிட்டர், எஸ்.டி.எஸ். என்ற சோப்புப்பொருள் கலந்து உருக்கிய 1% அகரோஸ் 400 மைக்ரோலிட்டர். குமிழி வராமல் பைப்பெட்டால் இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கி உடனே அச்சில் விட வேண்டும். அடர்த்தி கூடினால் பட்டைகள் தடித்து ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் அடியில் இருக்கும் சிறு துண்டுகள் தெரியவே தெரியாது.

லைசிஸ், அதாவது பிளக்குக்குள் செல்களை உடைப்பது, 54 டிகிரியில், குலுக்கியபடி இரண்டு மணி நேரம். அடுத்தது கழுவுதல். அவசரத்தில் எல்லோரும் கை வைப்பது இங்கேதான். முன்பே சூடாக்கிய சுத்த நீரில் 2 முறை, டி.இ. (டிரிஸ்-ஈ.டி.டி.ஏ.) கரைசலில் 4 முறை, ஒவ்வொன்றும் 10–15 நிமிடம். புரோட்டினேஸும், லைசிஸ் கரைசலில் உள்ள சார்கோசில் என்ற சோப்புப்பொருளும் மிஞ்சினால், டி.என்.ஏ.வை வெட்டும் எக்ஸ்பிஏ-ஒன் நொதி 50 யூனிட் போட்டும் பாதிதான் வெட்டும்.

பாதி வெட்டு வேறு திரிபு போலவே வேஷம் போடும். மேலே மங்கலாக ஒரு கூடுதல் பட்டை தெரிந்தால் அதன் அளவைக் கணக்குப் பாருங்கள். கீழே உள்ள இரண்டு பட்டைகளின் கூட்டுத்தொகையாக வந்து, அந்த இரண்டும் அப்படியே இருந்தால், வெட்டு முடியவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். வெட்டுமிடம் நிஜமாகவே மாறியிருந்தால் அந்த இரண்டும் காணாமல் போயிருக்கும். அதே பிளக்கை மறுபடி கழுவி, புதிதாக 2 மில்லிமீட்டர் துண்டு எடுத்து வெட்டிப் பார்க்காமல் அறிக்கை எழுதாதீர்கள். இல்லாவிட்டால் ஒரே நோய்ப்பரவலைச் சேர்ந்த நோயாளியைத் தனியாகப் பிரித்துவிடுவோம்.

ஜெல் வேலை ஒப்பீட்டில் சுலபம். வெட்டிய பிளக் துண்டுகளை ஜெல் அச்சுச் சீப்பின் பற்களில் ஒரே மட்டத்தில் ஒட்டி, ஈரத்தை ஒற்றி, சில நிமிடம் உலரவிட்டு அகரோஸ் ஊற்றுங்கள். உலராத துண்டு நழுவினால் அந்த வரிசையே கோணலாக ஓடும். 14 டிகிரி, சென்டிமீட்டருக்கு 6 வோல்ட், 120 டிகிரி கோணம், மின்புலத் திசைமாற்ற இடைவெளி 2.16-இலிருந்து 63.8 வினாடி வரை, 18–19 மணி நேரம். துண்டுகளின் அளவு தெரிந்த சால்மோனெல்லா பிரெண்டரப் எச்9812 திரிபு, அளவுகோலாக, இரு ஓரங்களிலும் நடுவிலும் இருக்க வேண்டும்.

அளவுகோல் தெளிவாக விழுந்து, ஒரு திரிபு மட்டும் திரும்பத் திரும்ப இழுவிய கறையாக வந்தால், டிரிஸ் கலந்த ஓட்டக் கரைசலில் ஓடும்போதே அதன் டி.என்.ஏ. சிதைகிறது. ஓட்டக் கரைசலில் 50 மைக்ரோமோலார் தயோயூரியா சேருங்கள். அது நச்சு, அந்தக் கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனியே சேகரியுங்கள்.