நாலாவது மாடிக் கதவு

தேர்தல் சீசன் வந்தாலே எனக்கு 2018 ஜூன் மாத ஜாக்சன் ஹைட்ஸ்தான், நியூயார்க்ல இருக்கிற அந்தப் பகுதிதான் ஞாபகம் வரும். கிரீன் கார்டுதான், ஓட்டு கிடையாது. ஆனா வீடு வீடா கதவு தட்டி ஓட்டு கேக்கத் தடையில்லை. தட்டினேன்.

லிஃப்ட் இல்லாத கட்டடம், நாலாவது மாடி. ஒரு வங்காளதேச அம்மா மாவு ஒட்டின கையோட கதவைத் திறந்தாங்க. முந்தானையில கையைத் துடைச்சிட்டு, அமெரிக்க நாடாளுமன்ற சீட்டுக்காக ஜனநாயகக் கட்சிக்குள்ள போட்டியிட்ட அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் நோட்டீஸை வாங்கி, நின்ன இடத்துலயே முழுசும் படிச்சாங்க. "இந்தப் பொண்ணுக்குத்தான் போடுவேன்"னாங்க.

என் பட்டியல்ல இருந்தது அவங்க மகன் பேர். அம்மா, கட்சி எதையும் குறிக்காம வாக்காளரா பதிவு பண்ணவங்க. நியூயார்க்ல, கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரைமரி தேர்தல்ல, அந்தக் கட்சி பேரைக் குறிச்சுப் பதிவு பண்ணவங்களுக்கு மட்டும்தான் ஓட்டு. மாத்திக்கிற கெடு முந்தின அக்டோபர்லயே முடிஞ்சிருச்சு. அதைச் சொல்றதுக்குள்ள எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அவங்க உள்ளே போய் மகனை எழுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க.

ஜூன் 26. பத்து முறை நாடாளுமன்றத்துக்கு ஜெயிச்ச ஜோ க்ரௌலி, பதினாலு வருஷமா பிரைமரியில போட்டியே பார்க்காதவர், தோத்தார். கம்பெனிகளோட அரசியல் நிதிக் கமிட்டிப் பணம் வேண்டாம்னு சொன்ன 28 வயசு ஒகாசியோ-கோர்ட்டெஸ் ஜெயிச்சா. வித்தியாசம் சுமார் 4,000 ஓட்டு. படியேறித் தேடின ஓட்டு அது!

சிட்டிசன்ஷிப் வாங்கின நியூயார்க் நண்பர்களே, உங்க பதிவுல கட்சிக் கட்டம் காலியா இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. கட்சியை மாத்திக்க இப்போ கெடு பிப்ரவரி 14.