ஒரே மாதிரி ஏழு உடைகள்

சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். நடன உடை என்றால் எனக்குத் தெரிந்தது பரதநாட்டிய உடைதான். அரங்கேற்றத்துக்குப் பட்டுச் சேலையை வெட்டி விசிறி மடிப்பு வைத்துத் தைப்பேன். திருவிழா வந்தால் உறுமி மேளக் குழுக்களுக்குச் சட்டை தைப்பேன். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இப்போது கோலாலம்பூரில் நவீன நடனக் குழு நடத்தும் தம்பி ஒருவர், "சிட்னி மார்டி கிராவில ஆடப் போறோம் அக்கா, நீங்கதான் தைக்கணும்" என்று வந்து நின்றார். ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களும் திருநங்கைகளும் திருநம்பிகளும் சேர்ந்து கொண்டாடும் விழா அது. அவர் கையில் லைக்ரா துணி.

அந்தத் துணி நாலு பக்கமும் இழுபடும். சாதாரண ஊசி பட்டால் இழை அறுந்து ஓட்டை விழும், அதனால் முனை மழுங்கிய ஊசி வேண்டும். நேர்த்தையல் போட்டால் காலை நீட்டியதுமே நூல் அறுந்துவிடும், ஜிக்ஜாக் தையல்தான் தாங்கும். முதுகில் ஜிப்பும் கூடாது, கொக்கியும் கூடாது. தரையில் உருளும்போது முதுகெலும்பில் குத்தும்.

அளவெடுப்பதுதான் நுணுக்கமான வேலை. தோளில் டேப்பை வைத்து முன்பக்கம் இறக்கி, கவட்டை வழியாகப் பின்னால் கொண்டுபோய், அதே தோளில் சேர்க்க வேண்டும். இந்த அளவு குறைந்தால் கையைத் தூக்க முடியாது. குழுவில் ஒரு திருநங்கை இருந்தார். நான் கிட்டே போனதும் சற்றுப் பின்வாங்கி, "நானே பிடிச்சுக்கறேன் அக்கா, நீங்க நம்பர மட்டும் பாருங்க" என்றார். சரி என்று டேப்பை அவர் கையில் கொடுத்துவிட்டேன். இதற்கு முன் எந்தெந்தக் கடையில் என்னென்ன பேச்சு கேட்டாரோ. தையல்காரரிடம் வருகிறவர் தன் உடம்பை நம்பி ஒப்படைக்கிறார், அங்கே நமக்கு வேண்டியது அளவு மட்டும்தான்.

ஆண், பெண் வித்தியாசமே தெரியாமல் ஏழு பேருக்கும் ஒரே உடை வேண்டும் என்றார் தம்பி. ஒருவருக்குத் தோள் அகலம், ஒருவருக்கு இடுப்பு. ஒரே மாதிரி தெரிவதற்காக ஒவ்வொன்றையும் தனியாக வெட்டினேன்.

ஒத்திகை பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவுகிற அசைவு வருகிறது. என் அம்மா பால்மரம் சீவினவர், அதனால் சும்மா இருக்க முடியவில்லை. கத்தி இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சாய்வாக இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் எதிர்ச்சாய்வாக ஓடுகின்றன, இப்படிச் சீவினால்தான் நிறைய குழாய் அறுபட்டுப் பால் நன்றாக வடியும். எழுந்துபோய்ச் செய்து காட்டினேன். அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். முழங்கால் மடக்கி மரத்தைச் சுற்றி வரும் அந்த இடத்துக்காகவே கவட்டையில் ஒரு சாய்சதுரத் துண்டு கூடுதலாக வைத்தேன்.

சிட்னியில் 1978 ஜூன் 24 இரவு முதல் ஊர்வலம் போனபோது போலீஸ் 53 பேரைக் கைது செய்தது என்று தம்பி சொன்னார். அதுதான் வளர்ந்து இன்று ஊர்வலமும் கலை நிகழ்ச்சிகளுமாக நடக்கும் விழா. நம் நாட்டிலும் 2008இல் கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட் அனெக்ஸில் 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' என்று பாலியல் உரிமைக்காக ஒரு விழா தொடங்கியது. 2011இல் போலீஸ் அதைத் தடை செய்தது. இந்தப் பிள்ளைகள் தோட்டத்துக் கதையை ஆடிக் காட்ட அவ்வளவு தூரம் விமானம் ஏற வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆற்றாமைதான். அந்த அசைவு எதுவென்று பார்த்ததும் சொல்லக்கூடியவர்கள் இங்கே லயத்திலும் (தோட்டத்து வரிசை வீடுகள்) தாமானிலும் (குடியிருப்புப் பகுதி) இருக்கிறார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபின், இங்கே ஆட இடம் கிடைக்குமா என்று ஒரு மண்டபத்தில் கேட்டுப் பார்த்தேன். "ஆடட்டும், ஆனா அந்தத் திருநங்கை வேணாம்" என்றார் பொறுப்பில் இருந்தவர். தம்பியிடம் சொன்னேன். ஏழு பேரும் ஆடினால்தான் ஆட்டம் என்றுவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. இப்போது வேறு மண்டபம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.