ஸ்லைடு விளிம்பில் தெரிந்த ரத்தப் புள்ளிகள்

முழங்கையில் தடிப்பு வந்து வெள்ளையாகச் செதில் உதிர ஆரம்பித்ததும், படர்தாமரை என்று சொல்லி மருந்துக்கடையில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். போட்டால் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். தோல் டாக்டரிடம் டியூபைக் காட்டியபோது, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றார்.

தோல் தடித்துச் செதில் உதிரும் சொரியாசிஸ் என்ற நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். மாநிறத் தோலில் அதன் சிவப்பு பளிச்சென்று தெரியாதாம். ஊதாவாகவோ சாம்பலாகவோ இருக்குமாம். ஒரு கண்ணாடி ஸ்லைடை எடுத்து, அதன் விளிம்பால் தடிப்பின்மேல் மெதுவாகச் சுரண்டினார். மெழுகைச் சுரண்டினால் வருவதுபோல் வெள்ளைத் துகள் படலம் படலமாக உதிர்ந்தது. அது தீர்ந்த இடத்தில் ஈரமாக ஒரு மெல்லிய சவ்வு. அதையும் நீக்கியதும் ஊசிமுனை அளவில் ரத்தம் புள்ளி புள்ளியாக அரும்பியது. வலி இல்லை, லேசான எரிச்சல்தான்.

"இதுக்கு ஆஸ்பிட்ஸ் அறிகுறின்னு பேரு" என்றார் டாக்டரம்மா. 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் இருந்த ஹைன்ரிச் ஆஸ்பிட்ஸ் என்ற தோல் மருத்துவரின் பெயர். சொரியாசிஸில் விரிந்து நெளிந்த நுண்ணிய ரத்தக்குழாய்கள் மேல்தோலுக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. அவற்றுக்கு மேலே இருக்கும் தோல் மெலிந்துபோகிறது. செதிலை எடுத்தால் குழாயின் நுனி திறந்துகொள்ளும்.

"அப்போ சொரியாசிஸ்தானா மேடம்?" என்றேன். இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றார். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் 234 சொரியாசிஸ் நோயாளிகளில் 41 பேருக்குத்தான் இந்த அறிகுறி தென்பட்டது. வேறு சில தோல் நோய்களிலும் இது வரும். அக்குள், தொடை இடுக்கு மாதிரி செதிலே இல்லாத இடங்களில் வரும் சொரியாசிஸில் பெரும்பாலும் கிடைக்காது.

அதனால் என் நகங்களில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். தலை, காதுக்குப் பின்புறம், தொப்புள் எதையும் விடவில்லை. காலையில் மூட்டு இறுக்கமாக இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது உண்டா என்றும் கேட்டார். சுரண்டிய செதிலிலேயே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள், பூஞ்சை இல்லை. இவ்வளவும் ஒத்துப்போன பிறகுதான் சொரியாசிஸ் என்று எழுதினார். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி எனக்குத் தேவைப்படவில்லை. இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததே எனக்குப் பாதி தைரியம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இந்தச் சோதனையை வீட்டில் நகத்தால் செய்து பார்க்காதீர்கள். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கீறல் பட்ட இடத்திலேயே புதுத் தடிப்பு வரலாம். கோப்னர் விளைவு என்பார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று அந்த இடத்தில் எண்ணெயோ கிரீமோ தடவ வேண்டாம். தடவினால் செதில் படிந்து, பார்க்க வேண்டியது மறைந்துவிடும்.