பின்கேற்று ஒழுங்கையும் ஒரு கணக்குக் கொப்பியும்

கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிச் செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். அதிபர்களைப் பற்றியும் கிரிக்கெட் மேட்ச் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பின்கேற்று ஒழுங்கையைப் பற்றி எழுதுகிறேன்.

நம் கல்லூரியின் பின்கேற்றால் வெளியே வந்து, தரவையைக் குறுக்கறுத்து, கோயில் கேணியடியில் ஏறும் அந்த ஒழுங்கையை 70களில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாரியில் முழங்கால் தண்ணீர். சப்பாத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போவோம். பெரிய றோட்டால் சுற்றினால் முதல் மணிக்குப் பிந்திவிடும். பிந்தினால் என்ன கிடைக்கும் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

ஒழுங்கையின் ஒரு பக்கம் கிளுவங்கதியால் வேலி. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் இரண்டு கதியால் பட்டுப்போனதென்று புதுக்கதியால் நடுவார்கள், பழைய குழியிலிருந்து ஒரு சாண் வெளியே. அடுத்த முறை இன்னொரு சாண். ஒருவரும் ஒழுங்கையைப் பிடித்ததாகச் சொல்ல முடியாது. கதியால்தான் நடந்து வந்தது. என் அண்ணா படித்த காலத்தில் வைக்கல் வண்டி போன பாதையில், என் காலத்தில் இரண்டு சைக்கிள் சந்தித்தால் ஒருவர் இறங்கி நிற்கவேண்டும்.

நம் கணக்கு மாஸ்டரும் அந்த வழியால்தான் வருவார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. விதானையாரிடம் சொல்லிப் பார்த்தார். (கிராமசேவகர் என்று பதவியின் பெயர் மாறிப் பல வருடமாகியும் ஊருக்கு அவர் விதானையார்தான்.) காணி உறுதியில் ‘கிழக்கு எல்லை ஒழுங்கை’ என்றுதான் இருந்தது, ஒழுங்கை எத்தனை அடி என்று இல்லை. மாஸ்டர் பிறகு ஒன்றும் பேசவில்லை. ஒரு நாள் அளவைப் பாடமென்று எட்டாம் வகுப்பை நாடாவோடு வெளியே கூட்டிக்கொண்டு போனார். பத்துப் பத்து அடிக்கு ஒருக்கால் அகலம் அளந்தோம். ஆக ஒடுக்கமான இடம் 6 அடி 4 அங்குலம். “வடிவா எழுதுங்கோடா, திகதியும் போடுங்கோ” என்றார். சராசரி எடுத்தோம். நாங்கள் அதைச் சராசரிக் கணக்கு என்றே நினைத்திருந்தோம்.

1984இல் லண்டன் வந்து விம்பிள்டனில் குடியேறினேன். அங்கே ஒரு பெரிய பொதுவெளி, 1,100 ஏக்கருக்கு மேல், காடும் புல்வெளியுமாக. எப்படி இன்னும் வீடு கட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. சும்மா விட்டுவைக்கவில்லை. 1864இல் அதற்கு உரிமை கோரிய ஸ்பென்சர் பிரபு (டயானா பிறந்த குடும்பம்தான்) ஒரு பகுதியை அடைத்துப் பூங்காவாக்கவும், ஒரு பகுதியை விற்கவும் திட்டம் போட்டார். ஊரவர்கள் எதிர்த்தார்கள். இழுபறிக்குப் பிறகு 1871இல் அதை அடைக்காமல் திறந்த வெளியாகவே வைத்திருக்க, அந்த வெளிக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதைப் பராமரிக்க, முக்கால் மைல் தூரத்துக்குள் இருப்பவர்கள் கவுன்சில் வரியோடு சேர்த்து இன்றைக்கும் ஒரு சிறு தொகை கட்டுகிறார்கள். நானும் கட்டினேன்.

எனக்குப் பிடித்த கதை இங்கிலாந்தின் பேர்க்கம்ஸ்டெட் என்ற ஊரின் கதை. 1866இல் பிரவுன்லோ பிரபுவின் பக்கத்தார் அந்த ஊர்ப் பொதுவெளியில் இரும்பு வேலி போட்டார்கள். அகஸ்டஸ் ஸ்மித் என்பவர் லண்டனிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கூலியாட்களை ரயிலில் இறக்கி, ஒரே இரவில் வேலியைக் கழற்றிவிட்டார். வழக்கும் 1870இல் ஸ்மித்துக்கே சாதகமாக முடிந்தது. இராவோடு இராவாக வேலி பிடுங்குவது நம்மவர்களின் தனிக்கலை என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

சரி, என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால், இரண்டு தோட்டங்களுக்கு நடுவே ஒரு குச்சொழுங்கை. பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு அதனால்தான் கூட்டிப் போவேன். 2007இல் ஒருநாள் அதற்குக் குறுக்கே பலகை அடித்துப் பூட்டுப் போட்டிருந்தது. காணியை வாங்கியவர் வீடுகள் கட்டப்போகிறாராம். நாயோடு தினமும் நடக்கும் பக்கத்து வீட்டு ஆங்கில அம்மா கையில் ஒரு கட்டுப் படிவத்தோடு வந்தார். எந்த வருடத்திலிருந்து நடக்கிறீர்கள்? கிழமைக்கு எத்தனை தரம்? யாராவது மறித்தார்களா? அறிவித்தல் பலகை இருந்ததா? படம் கீறிக் கையெழுத்து வையுங்கள்.

1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, சனம் 20 வருடம் இடைவிடாமல் நடந்திருந்தால் அது பொதுப்பாதை என்று கொள்ளலாம். ஆனால் பலவந்தமாகவோ ஒளித்தோ அனுமதி பெற்றோ நடந்திருக்கக் கூடாது. காணிக்காரர் தனக்கு அப்படிக் கொடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று காட்டினாலும் சரிவராது. ஊரில் ‘பத்து வருட ஆட்சி’ என்றால் அடுத்தவன் காணி நம்முடையதாவது. இங்கே பார்த்தால், நடந்தவர்களின் ஆட்சியால் பாதை எல்லோருக்குமாகிறது.

அனுமதி பெற்று நடந்திருக்கக் கூடாது என்ற அந்த நிபந்தனையில்தான் நம் ஆட்கள் வழுக்கினார்கள். நம்மூர் நண்பர் ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நான் ஒருநாளும் களவாய்ப் போகேல்லை, வீட்டுக்காரரிட்டைக் கேட்டுத்தான் போனனான்” என்று எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. கேட்டுப் போனால் அது தயவு. கேளாமல் போனால்தான் உரிமை. இதை நண்பருக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு தேநீர் செலவானது. கடைசிவரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அதென்ன சட்டம், மரியாதை தெரிஞ்சவன் தோக்கிறது?”

மற்றவர்களின் படிவங்கள் போதுமாக இருந்தன. நான்கு வருடம் எடுத்தது. இப்போது கவுன்சிலின் பாதை வரைபடத்தில் அதற்கொரு இலக்கம் உண்டு.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வருடம் ஊருக்குப் போனபோது பின்கேற்று ஒழுங்கையில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். இரண்டு பக்கமும் சீமெந்து மதில் தட்டுப்பட்டது. தரவைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் வரப்போகிறது. ஒழுங்கை எப்போதும் இவ்வளவுதான் என்கிறார்களாம். பழைய அகலத்தை எதை வைத்துக் காட்டுவது என்று ஊர்ப் பெடியள் என்னைக் கேட்டார்கள்.

அன்று அளந்ததை எழுதியவன் நானில்லை. கையெழுத்து வடிவென்று மாஸ்டர் தெரிவு செய்தது முன்வாங்கில் இருந்தவனை. ரொறன்ரோவில் இருப்பதாகக் கேள்வி. மச்சான், இதை வாசித்தால் வீட்டுப் பழைய பெட்டிகளை ஒருக்கால் கிளறிப் பார். நீல மட்டை, 80 பக்கக் கொப்பி, பின்மட்டையில் வாய்ப்பாடு.