85 சதவீதமும் இரண்டு வரியும்

ஒன்ராறியோவில் ஒரு சிறு பதிப்பகம் ஆறாம் வகுப்புச் சமூகக்கல்விப் பாடநூலை அரச அங்கீகாரத்துக்கு அனுப்பவிருந்தது. கனடாவின் சமூகங்கள் பற்றிய பகுதியைத் தமிழர் ஒருவரும் பார்க்கட்டும் என்று என்னை அழைத்தார்கள்.

பல்பண்பாட்டு மரபைப் பேணி வளர்க்கும் வகையில் உரிமைகளுக்குப் பொருள்கொள்ள வேண்டும் என்கிறது கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் 27ஆம் பிரிவு. அதை வைத்து வாதாடலாம் என்று போனேன். சாசனத்தை யாரும் திறக்கவே இல்லை. கல்வி மாகாணங்களின் அதிகாரம். மேசையில் கிடந்தது மாகாணக் கல்வி அமைச்சின் வழிகாட்டி. அங்கீகரித்த பாடநூல்களுக்கான, மாகாணப் பூவின் பெயர் கொண்ட 'ட்ரில்லியம் பட்டியலில்' ஏற, நூல் பாடத்திட்ட எதிர்பார்ப்புகளில் 85 சதவீதத்தையாவது தழுவ வேண்டும். ஆசிரியர் கைநூல் வேண்டும். இன, மத, பால் சாய்வு கூடாது. எந்த எதிர்பார்ப்பு எந்தப் பக்கத்தில் என்று அட்டவணை நிரப்பியே இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் தமிழர் பக்கம். பாதிக்குப் பொங்கல் படம். கீழே, 'சிறந்த வாழ்வைத் தேடி வந்தார்கள்.' 1986இல் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரும் இல்லை, அவர்களை மீட்ட மீனவரும் இல்லை. சாய்வுக் கட்டத்தில் ஏற்கெனவே 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்களே!

படத்தைச் சுருக்கச் சொல்லி, படகுக் கதையைச் சேர்த்து, முன்னால் ஒரு வரி எழுதினேன்: '1983இல் சிங்களவர் தமிழரின் வீடுகளை எரித்தார்கள்.'

"இதே வகுப்பில் ஒரு சிங்களப் பிள்ளை இருந்தால்?" என்றார் தொகுப்பாசிரியர்.

எரித்தது பொய்யா என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். கொழும்பில் எங்களைக் குசினிக்குள் பூட்டி வைத்து, வாசலில் நின்று "இங்கே யாருமில்லை" என்று சொன்ன பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தார்.

மறுநாள் தொகுப்பாசிரியர் 'வன்முறை நடந்தது' என்று மாற்றி வைத்திருந்தார். தானாக நடக்க அதென்ன மழையா? மதியம் வரை இழுபறி. கடைசியில், 'கும்பல்கள் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் எரித்தன. சில சிங்களக் குடும்பங்கள் அயலவரை ஒளித்துக் காத்தன.' 'கும்பல்கள்' எனக்கு இன்னும் உறுத்துகிறது. அரசின் பங்கு அதற்குள் ஒளிந்துகொண்டது.

சேர்த்த வரிகளால் பக்கங்கள் நகர்ந்துவிட்டன. அட்டவணையை முதலிலிருந்து திருத்தினோம்.